இப்போது பிள்ளையைப் பார்ப்பது யார்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் அடுப்பிலிருந்த குழம்பு அடிப்பிடித்துப் போனது. உங்கப்பா அதை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். நீ பேசியதை அவரும் கேட்டுவிட்டார் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். வித்யாவின் தம்பி கல்யாணம் ஆவணியில். நீங்கள் மூன்று பேரும் அதற்கு இரண்டு வாரம் முன்பே சிங்கப்பூரிலிருந்து வருகிறீர்கள். ஆனால் நம் வீட்டில் தங்கவில்லை, தஞ்சாவூரில் லாட்ஜில் தங்குகிறீர்கள். கேட்டால் என் பேத்தி யாழினிக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது என்கிறாய். நான் உன்னைப் பெற்றவள். நீ வேலைக்குப் போன நாள் முதல் எந்தெந்த மாதம் ஊருக்கு வந்தாய் என்று எனக்கு மனப்பாடம். பங்குனியில் வருவாய், சித்திரையில் வருவாய். பொங்கலுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. தை கடைசி வரை கொல்லைப்பக்க வாய்க்காலில் தண்ணீர் ஓடும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை வருடமாக நாம் இருவரும் அதைச் சொல்லாமலே போன் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு அறுபத்துமூன்று ஆகிறது, முழங்கால் இரண்டும் தனித்தனியாகக் கோபித்துக்கொள்கின்றன. இனிமேலும் தள்ளிப்போட எனக்கு நேரமில்லை. வித்யாவும் இதைப் படிக்கட்டும். உன்னோடு வேலை பார்ப்பவர்களில் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் காட்டு. நம் வீட்டு விஷயம் வெளியே போகிறதே என்று நான் கூச்சப்படப் போவதில்லை. கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுகுவைப் பற்றித்தான். உன் தங்கை சுகன்யா. அப்போது உனக்கு ஒன்பது வயது, அவளுக்கு மூன்று முடியவில்லை. மாசியிலிருந்து வாய்க்கால் காய்ந்து கிடந்தது. கொல்லைப்பக்கச் சின்னப் பாலத்துக்குக் கீழேதான் அவளுடைய சமையலறை. நாலைந்து கொட்டாங்குச்சி, ஒரு ஒடுங்கின அலுமினியத் தட்டு, நீ மூன்று கல்லை வைத்துக் கட்டிக்கொடுத்த அடுப்பு. காலையில் எழுந்ததும் நேராக அங்கேதான் போவாள். மணலைச் சோறாக்கி எல்லோருக்கும் கொண்டுவந்து கொடுப்பாள், சாப்பிடுகிற மாதிரி நடிக்காவிட்டால் அழுவாள். அந்த வருடம் மேட்டூர் திறந்து, நம் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்தது. ஊரே பூவும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு மதகடிக்குப் போனோம். நீ அவளைத் தோளில் தூக்கி வைத்திருந்தாய், அவள் பூவைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கைதட்டினாள். மறுநாள் பாலத்தடியில் தண்ணீர் என் இடுப்புக்கு மேலே போனது.

நம் ஊர்க்காரர்கள் செய்கிற தவறு இதுதான், தம்பி. நமக்குத் தண்ணீர் வருவது விருந்தாளி வருவது மாதிரி. விருந்தாளியைப் பார்த்து யாராவது கதவைத் தாழ்ப்பாள் போடுவார்களா? நாற்றங்கால் எப்போது, விதை எப்போது என்று பெரியவர்கள் எல்லோரும் பேசினோம். உன் சமையலறை இப்போது தண்ணீருக்குள்ளே இருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொன்னாலும் அவளுக்குப் புரிந்திருக்காது. அங்கே ஒரு தட்டியை வைத்து அடைத்திருக்க வேண்டும். நாலு மூங்கிலும் கொஞ்சம் கயிறும் போதும். வயலில் ஆடு புகாமலிருக்க வேலி கட்டத் தெரிந்த நமக்கு அது தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை ஊறவைத்த விதைநெல்லை வடிகட்ட வேண்டியிருந்தது. உங்கப்பா வயலில் வரப்பு போட்டுக்கொண்டிருந்தார். நீ வாசலில் பையன்களோடு கோலி ஆடிக்கொண்டிருந்தாய். நான் உள்ளேயிருந்தே "பாப்பாவப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். நீ என் பக்கம் திரும்பினாயா, காதில் விழுந்ததா, சரி என்றாயா, எதையும் நான் நின்று பார்க்கவில்லை. ஒரு மூட்டை விதையை வடித்துச் சாக்கில் பரப்பும் நேரம்தான். நிமிர்ந்தபோது பிள்ளையைக் காணோம்.

எங்கெல்லாம் தேடினோம் என்று உனக்கு நினைவிருக்கும். கட்டிலுக்கு அடியில், வைக்கோல்போரில், பக்கத்து வீட்டில், அவள் மிட்டாய் கேட்கும் கடையில், மாரியம்மன் கோயிலில். வாய்க்காலில் விழுந்திருந்தால் கத்தியிருப்பாளே என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அதை நம்பினோம். தண்ணீரைக் கடைசியில்தான் பார்த்தோம். இப்போது எனக்குத் தெரியும், மூழ்குகிற பிள்ளை கத்தாது. மூச்சுக்கே வாய் போதாதபோது கத்துவதற்கு எங்கே வாய்? கையைத் தூக்கிக் காட்டாது, பெரிதாகத் தண்ணீரும் தெறிக்காது. பத்தடி தள்ளி நிற்கிறவருக்குக்கூடத் தெரியாமல் முடிந்துவிடும். ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீரைப் பார், தம்பி. வைக்கோல்போரில் ஒளிந்திருக்கிற பிள்ளை அரை மணி நேரம் கழித்தும் அங்கேயே இருக்கும்.

பாலத்தடியிலிருந்து அவளை எடுத்தபோது உங்கப்பா ஓடி வந்துவிட்டார். இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி வட்டமாகச் சுற்றினார். நம் பக்கம் அப்படித்தான் செய்வார்கள், அவருடைய அப்பாவும் யாருக்கோ அப்படிச் செய்ததை அவர் பார்த்திருக்கிறார். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. "வருது, வருது" என்றார்கள். "நிறுத்தாதீங்க, சுத்துங்க" என்று சொன்னது நான்தான். பிறகு வயிற்றை அமுக்கினார்கள், அதற்கப்புறம் ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அவளுக்கு ஒரு மூச்சு கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மூச்சு கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. யாருக்கும் தெரியாது. அவளுக்கு ஏதாவது நேரம் மிச்சமிருந்திருந்தால் அதை நாங்கள் சுற்றியே தீர்த்துவிட்டோம், அது மட்டும் தெரியும்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். அன்று வாசலில் அத்தனை சொந்தமும் கூடியிருந்தபோது உன் பெரியத்தை என்னிடம் கேட்டாள், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலை பார்த்தாய் என்று. நீ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். உன் கையில் இன்னும் கோலி இருந்தது. நான் உன்னைக் காட்டி, "இவன்கிட்டதான் விட்டுட்டுப் போனேன்" என்றேன். எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பழியிலிருந்து தப்பிக்க எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, நீ பக்கத்தில் இருந்தாய். அவ்வளவுதான் காரணம், வேறு பூசி மெழுக ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதில் ஒருநாள் நீயாகவே வந்து, "அம்மா, அன்னிக்கு நான் கோலி ஆடிக்கிட்டு இருந்தேன்மா" என்றாய். அப்போதாவது உன்னைக் கட்டிப்பிடித்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் இப்ப எதுக்கு, போய்ப் படி" என்று அனுப்பினேன். நீ போய்ப் படித்தாய். நன்றாகவே படித்தாய், எங்கள் இருவரையும் விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகிற அளவுக்குப் படித்தாய்.

நீ காலேஜில் இருந்த காலத்தில் நான் சத்துணவு அமைப்பாளராக இருந்த பள்ளிக்கூடத்தில் முதலுதவிப் பயிற்சி வைத்தார்கள். வாத்தியார்களுக்குத்தான் பயிற்சி. முட்டை எண்ணிக்கொண்டிருந்த நான் சும்மா கதவோரம் போய் நின்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸ் ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்கவைத்துக் காட்டினார். தண்ணீரில் விழுந்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்காதீங்க, சுத்தாதீங்க, வயித்தை அமுக்காதீங்க, அந்த நேரத்துல மூச்சு கொடுங்க என்று அவர் சாதாரணமாக, பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். நான் சமையல்கட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கலைந்த பிறகு அந்தப் பெண்ணிடம் போய், இன்னொரு தடவை சொல்லிக்கொடுங்க என்றேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அவருக்கு. ஏன் என்று கேட்கவில்லை. பொம்மையை மறுபடி கீழே வைத்தார்.

அன்றிலிருந்து நான் ஊரில் யாரையும் நிம்மதியாக இருக்கவிட்டதில்லை. பிள்ளை பெற்றவள் வீட்டுக்குச் சீர்த்தட்டோடு எல்லோரும் போவார்கள், நான் தலையணையோடு போவேன். அதைப் படுக்கவைத்து அமுக்கிக் காட்டாமல் காப்பி குடிக்கமாட்டேன். எனக்குத் தண்ணி டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மாமியார்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது, வாயைத் திறந்தாலே அபசகுனம் பேசுகிறாள் என்பார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

போன ஆடிப்பெருக்கன்று நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டேன். ஆற்றங்கரைப் படித்துறையில் பெண்கள் எல்லோரும் காதோலை கருகமணி வைத்துப் படைத்துக்கொண்டிருந்தோம். மேலத்தெருவிலிருந்து வந்த ஒரு குடும்பம், நாலு வயதுப் பையன். அவனைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தார்கள், எட்டுப் பேரும் மற்ற ஏழு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தார்கள். கடைசிப் படியில் வழுக்கி விழுந்தவனை, தண்ணீர் மொள்ளப் போன ஒருத்தியின் குடம் இடித்துத்தான் கண்டுபிடித்தார்கள். நான் திரும்பியபோது அவன் தகப்பன் காலைப் பிடித்துத் தூக்கிவிட்டான். எனக்கு எங்கிருந்து அந்தக் கால் வந்தது என்று தெரியவில்லை, நாலு படி தாண்டி அவன் கையைப் பிடித்தேன். பையனின் தாத்தா என்னைத் தள்ளினார். "தண்ணி வெளிய வரணும்மா, விடுங்க" என்றார். "தண்ணி வரவேணாம். மூச்சு உள்ள போகணும். கீழ வைங்க" என்றேன். அந்தத் தகப்பன் என்ன நினைத்தானோ, பிள்ளையைக் கீழே வைத்தான்.

மூச்சு இல்லை. மூச்சு கொடுத்தேன், நெஞ்சை அமுக்கினேன், சத்தமாக எண்ணினேன். ஒருத்தி 108-க்குப் போன் பண்ணினாள். மூன்றாவது சுற்றில் நான் அமுக்குகிற வேகம் குறைய ஆரம்பித்துவிட்டது. அப்போது பக்கத்தில் ஒருவர் மண்டிபோட்டு, "தள்ளு, நான் அமுக்குறேன். நீ ஊது" என்றார். உங்கப்பா. வீட்டில் நான் தலையணையை அமுக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேப்பர் படித்த மனிதர், அத்தனையும் பார்த்துக் கற்றுவைத்திருக்கிறார். அவர் எண்ணினார், நான் ஊதினேன். எத்தனை சுற்று என்று தெரியாது. பையன் இருமினான், வாந்தி எடுத்தான், பிறகு அழுதான். தண்ணீரில் விழுந்த பிள்ளை அழுகிற சத்தத்தை என் வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன். அழுகிறானே, பிறகு ஆஸ்பத்திரி எதற்கு என்றார் தாத்தா. கேட்காமல் ஆம்புலன்ஸில் ஏற்றினேன். நல்லதாகப் போயிற்று, நெஞ்சில் சளி கட்டின மாதிரி ஆகி இரண்டு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். உங்கப்பா வீட்டுக்கு வந்து கொல்லையில் நின்று, சுகு போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார்.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். பிள்ளை விழுந்துவிட்டால் நீச்சல் தெரியாத நீ குதிக்காதே, புடவையோ கயிறோ காலிக்குடமோ வீசு, ஆளைக் கூப்பிடு. வெளியே எடுத்ததும் தட்டிக் கூப்பிட்டுப் பார். மூச்சு ஒழுங்காக இல்லையென்றால் சமதரையில் மல்லாக்கப் படுக்கவை. நெற்றியை லேசாகப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்புகிற அளவு ஊது. முதலில் ஐந்து மூச்சு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், இரண்டு என்பவர்களும் உண்டு, அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்காதே. அப்புறம் நெஞ்சின் நடு எலும்பில், கீழ்ப்பாதியில், உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்குகிற மாதிரி முப்பது தடவை. நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது, அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு, அந்த வேகம். யாழினி வயசுக்கு ஒரு கை போதும். ஒரு வயதுக்குள் இருக்கும் கைக்குழந்தை என்றால் இரண்டு விரல், வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஊதவேண்டும். மறுபடி இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. ஆம்புலன்ஸ் வரும்வரை, அல்லது பிள்ளை தானாக மூச்சுவிடும்வரை நிறுத்தாதே. இன்னொருவர் இருந்தால் அவரைப் போன் செய்யச் சொல். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு ஆரம்பி. இதையெல்லாம் என் கடிதத்தைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. உன் கை பொம்மையைத் தொடவேண்டும். உன் ஊரில் இதற்கு வகுப்பு நடக்காமல் இருக்காது. நீயும் வித்யாவும் அதை முடித்துவிட்டு எனக்குப் போட்டோ அனுப்புங்கள். போட்டோ வராமல் நான் முறுக்குக்கு மாவு அரைக்கப் போவதில்லை.

லாட்ஜில் தங்கினால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறாய். அங்கே குளியலறையில் பக்கெட் இருக்குமில்லையா? இரண்டு வயதுப் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் அரை பக்கெட் தண்ணீரே போதும், அதற்குக் காவிரி வேண்டாம். குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்துவை, எங்கே தங்கினாலும் சரி. நம் வீட்டில் மாட்டுத் தொட்டிக்கு இரும்பு வலை போட்டு மூடியாகிவிட்டது. கொல்லைப்பக்கம் உங்கப்பா ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி கட்டி, கதவு வைத்து, தாழ்ப்பாளை என் தலைக்கு மேலே போட்டிருக்கிறார். நானே எம்பித்தான் திறக்கவேண்டியிருக்கிறது, தினமும் திட்டிக்கொண்டே திறக்கிறேன். வேலியை நம்பி நாங்கள் சும்மா இருந்துவிடமாட்டோம். பிள்ளை தண்ணீர்ப் பக்கம் இருந்தால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரிய ஆள் இருக்கவேண்டும், கையில் போன் இருக்கக்கூடாது. அந்த ஆள் யார் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். நான் போகிறேன், நீங்கள் பாருங்கள் என்று ஒருவர் சொல்லி, நான் பார்க்கிறேன் என்று மற்றவர் பதில் சொன்ன பிறகுதான் முதல் ஆள் நகரலாம். பெரியவர்கள் மட்டும். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் ஒரு பிள்ளையிடம் இன்னொரு பிள்ளையின் உயிரை ஒப்படைக்கக்கூடாது.

போன வாரம் உன் பெரியத்தை வீட்டுக்குப் போனேன். அவளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. அன்னிக்கு நான் சொன்னது பொய், பிள்ளையைப் பாக்கவேண்டியவ நான்தான், அவன் இல்ல என்று சொன்னேன். மருமகள், பேரன்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போ எதுக்கு இதெல்லாம் என்றாள் அவள், நான் உன்னிடம் சொன்ன அதே மாதிரி. அன்று வாசலில் இருந்தவர்களில் உயிரோடிருக்கிற இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். நீ வருவதற்குள் ஆறு வீட்டுக்கும் போய்விடுவேன். உனக்கு நான் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன், தம்பி. நீ ஒன்பது வயதுப் பையன். கோலி ஆடவேண்டிய வயதில் கோலி ஆடினாய். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை.

எங்கே தங்குவது என்பதை நீயும் வித்யாவும் முடிவு செய்யுங்கள். லாட்ஜ் என்றால் நாங்கள் அங்கே வந்து பேத்தியைப் பார்ப்போம், கோபித்துக்கொள்ளமாட்டேன். வீட்டுக்கு வருவதாக இருந்தால், வாசலில் காரை விட்டு இறங்கியதும் யாழினியை என் கையில் கொடு. "அம்மா, நீ பாரு" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். "நான் பாக்குறேன்" என்று நான் பதில் சொல்வேன். அதைக் காதால் கேட்டுக்கொண்ட பிறகு நீ உள்ளே போய்க் கொஞ்ச நேரம் படுத்துத் தூங்கு.

உன் அம்மா